எந்த மாத்திரை கேட்கும் என்று மூளை அலையைப் பார்த்துச் சொல்கிறவர்களுக்கு, ஓர் ஈஈஜி அறையிலிருந்து

வணக்கம்.

நான் டாக்டர் இல்லை, ஆராய்ச்சி செய்கிறவளும் இல்லை. தமிழ்நாட்டில் ஒரு மாவட்டத் தலைநகரில், தனியார் ஆஸ்பத்திரி ஒன்றில் 14 வருடமாக ஈஈஜி எடுக்கிறேன், அதாவது தலையில் வயர் ஒட்டி மூளையின் மின் அலைகளைப் பதிகிற சோதனை. நர்சிங் படித்ததே இல்லை என்றாலும் நோயாளிகள் எல்லோருக்கும் நான் ‘சிஸ்டர்’தான். வருவது பெரும்பாலும் ஃபிட்ஸ் கேஸ், நடுநடுவே மனநல டாக்டர் அனுப்புகிறவர்களும் வருவார்கள். உட்கார்ந்ததும் அவர்கள் கேட்கும் முதல் கேள்வி, “ஷாக் வைப்பீங்களா?” இல்லைங்க, இந்த மிஷின் உள்ளே எதையும் அனுப்பாது, உங்க தலையிலிருந்து வருவதை எழுதிக்கொள்ளும், அவ்வளவுதான் என்று ஒரு நாளைக்கு நாலு தடவையாவது சொல்லிவிடுவேன்.

அந்த அலைகளைக் கம்ப்யூட்டருக்குக் கற்றுக்கொடுத்து, மனச்சோர்வில் இருக்கிற ஒருவருக்கு எந்த மாத்திரை கேட்கும், எது கேட்காது என்று முன்கூட்டியே சொல்ல வைக்கிறவர்களுக்கும், அதை விற்கக் கிளம்பியிருப்பவர்களுக்கும்தான் இந்த மடல். டாலஸிலும் டொராண்டோவிலும் உட்கார்ந்திருப்பவர்கள் தமிழில் எழுதியதைப் படிக்கவா போகிறார்கள் என்று நீங்கள் கேட்கலாம். அந்த மாதிரி லேப்களில் தமிழ் படிக்கத் தெரிந்த ஒருவராவது இருக்க மாட்டீர்களா என்ன, உங்களிடம்தான் பேசுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நான் உங்கள் வேலைக்கு எதிரி என்று நினைத்துவிடுவீர்கள். சில வருடங்களுக்கு முன்னால் என் தம்பி படுத்துவிட்டான். காய்ச்சல் கிடையாது, அடிபடவில்லை, ஆனால் எழுந்திருக்க மாட்டான். செல்போன் கடையில் நன்றாகப் பேசி வியாபாரம் செய்துகொண்டிருந்தவன், சட்டை மாற்றச் சொன்னால்கூட சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்வான். டாக்டர் எஸ்சிடாலோபிராம் என்ற மனச்சோர்வு மாத்திரையை எழுதினார். முதல் வாரம் முழுக்கக் குமட்டல். மூன்றாவது வாரம், “இன்னும் ரெண்டு வாரம் பார்க்கலாம்.” ஐந்தாவது வாரம் டோஸ் ஏற்றினார்கள். ஒன்பதாவது வாரம் மாத்திரையையே மாற்றினார்கள். இதற்குள் கடைக்காரர் வேறு ஆளைப் போட்டுவிட்டார். ஒருநாள் ராத்திரி அம்மா என்னிடம் கேட்டாள், “நீதான் தினமும் தலைக்கு வயர் போடுறியே, எந்த மாத்திரை இவனுக்குச் சேரும்னு உன் மிஷின்ல தெரியாதா?”

தெரியாதும்மா என்றேன். அந்தக் கேள்வி மட்டும் எனக்குள்ளேயே கிடந்தது. அதனால்தான் 2020-இல் வந்த கட்டுரை ஒன்றை எங்கள் நியூராலஜி டாக்டரிடம் பயிற்சிக்கு இருந்த பெண் காட்டியபோது, புரிகிற பாதியையும் புரியாத பாதியையும் சேர்த்து இரண்டு நாள் உட்கார்ந்து படித்தேன். நேச்சர் பயோடெக்னாலஜி இதழில் வந்தது, ஸ்டான்ஃபோர்டைச் சேர்ந்த வெய் வூ, அமித் எட்கின் இவர்களும் கூட்டாளிகளும் எழுதியது. எம்பார்க் என்று அமெரிக்காவில் நான்கு இடங்களில் நடந்த மருந்துச் சோதனை. மதுகர் திரிவேதி தலைமையில், மனச்சோர்வு உள்ள முந்நூறு பேர் அளவில் சேர்த்து, பாதிப் பேருக்கு செர்ட்ராலின் என்ற மனச்சோர்வு மாத்திரை, பாதிப் பேருக்கு மருந்தே இல்லாத வெறும் மாவு மாத்திரை, யாருக்கு எது என்று யாருக்கும் சொல்லாமல் 8 வாரம் பார்த்தார்கள். மாத்திரை தொடங்கும் முன்பே சும்மா உட்காரவைத்து எடுத்த ஈஈஜிதான் கணித்துச் சொல்கிற கம்ப்யூட்டர் மாடலுக்குப் பாடம். செர்ட்ராலின் எடுத்தவர்களில் யார் தேறுவார்கள் என்பதை அந்த மாடல் கணித்தது, மாவு மாத்திரையில் தேறியவர்களை அப்படிக் கணிக்கவில்லை. இதில்தான் எனக்கு மரியாதை வந்தது. பொதுவாகத் தேறக்கூடிய ஆள் யார் என்று மட்டும் சொல்லியிருந்தால் இரண்டு பக்கமும் சொல்லியிருக்க வேண்டும் இல்லையா. இடம் மாறினாலும் கருவி மாறினாலும் கணிப்பு நின்றது என்றும் காட்டியிருந்தார்கள்.

இந்த ஈஈஜியை முதலில் மனிதத் தலையில் எடுத்தவரே ஒரு மனநல மருத்துவர்தான். ஜெர்மனியில் யேனா நகரத்து ஹான்ஸ் பெர்கர், 1924-இல். மனநல டாக்டர் கையில் பிறந்த மிஷின் ஃபிட்ஸ் டாக்டர்கள் கைக்குப் போய், இப்போது நூறு வருடம் கழித்துத் தாய்வீட்டுக்குத் திரும்பி வருகிறது என்று அந்தப் பெண்ணிடம் சொல்லிச் சிரித்தேன்.

சரி, சந்தோஷம் அத்தோடு. அப்புறம் மற்ற கட்டுரைகளையும் தேடிப் படிக்க ஆரம்பித்தேன், அங்கேதான் வயிற்றைக் கலக்கியது.

98 சதவீதம், 99 சதவீதம் சரியாகச் சொல்கிறது என்று எத்தனை கட்டுரைகள்! எத்தனை பேர் தலை என்று பார்த்தால் 30, 34. மலேசியாவில் எடுத்துப் பொதுவில் வைத்த ஒரு தொகுப்பு இருக்கிறது, மனச்சோர்வு உள்ளவர்கள் 34, ஆரோக்கியமானவர்கள் 30. அதை எடுத்தவர்கள் மேல் தப்பே இல்லை, எல்லோரும் பூட்டி வைக்கும்போது அவர்கள் பொதுவில் வைத்தார்கள். ஆனால் அதே 64 தலைகளை எத்தனை பேர்தான் திரும்பத் திரும்ப மாவாட்டுவீர்கள்? அதிலும் சிலர் செய்கிற வேலை என்னவென்றால், ஒருவருடைய இரண்டு நிமிடப் பதிவை இரண்டு இரண்டு நொடியாக வெட்டினால் 60 துண்டு வரும், அதில் 50 துண்டைக் கற்றுக்கொள்ளக் கொடுத்துவிட்டு மீதி 10 துண்டை வைத்துப் பரீட்சை வைப்பது. எனக்கே வழக்கமாக வருகிறவர்களின் அலையைப் பேர் பார்க்காமல் அடையாளம் தெரியும், ஒவ்வொரு தலைக்கும் ஒரு சாயல் உண்டு. மிஷினுக்குத் தெரியாதா? அது நோயைக் கண்டுபிடிக்கவில்லை, ஆளைக் கண்டுபிடித்திருக்கிறது. துண்டுக் கணக்கு வேண்டாம், ஆள் கணக்கு சொல்லுங்கள். கற்ற தலை ஒன்றுகூடப் பரீட்சையில் வரக்கூடாது.

உங்களுக்குள்ளேயே நேர்மையாகக் கணக்குப் பார்த்தவர்களும் இருக்கிறார்கள். 2019-இல் அலிக் விட்ஜும் கூட்டாளிகளும் இந்த வகையில் அதுவரை வந்த 76 கட்டுரைகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். சிகிச்சை கேட்கப்போகிறவர்களில் 72 சதவீதம் பேரையும், கேட்காதவர்களில் 68 சதவீதம் பேரையும் சரியாகப் பிடித்திருக்கிறது என்று வந்தது, அதையும் சின்னச் சின்ன ஆய்வுகளும் தோற்றவை வெளியே வராததும் சேர்ந்து ஊதிவிட்டிருக்கலாம், இன்னும் கிளினிக்குக்குக் கொண்டுபோகிற நிலை இல்லை என்று எழுதினார்கள். அந்த 72-ஐயும் 68-ஐயும் அப்படியே நம்பி ஒரு பேப்பரில் கணக்குப் போட்டேன். மனச்சோர்வு உள்ள நூறு பேர் என் அறைக்கு வருகிறார்கள், அதில் 40 பேருக்கு ஒரு மாத்திரை கேட்கும் என்று வைத்துக்கொள்வோம். மிஷின் 48 பேரிடம் ‘கேட்கும்’ என்று சொல்லும், அவர்களில் 29 பேருக்கு நிஜமாகவே கேட்கும். 52 பேரிடம் ‘கேட்காது’ என்று சொல்லும், அதில் 11 பேருக்கு உண்மையில் கேட்டிருக்கும். நாற்பது என்று இருந்த நம்பிக்கை அறுபதாகிறது, சும்மா சொல்லக்கூடாது, அது லாபம்தான். ஆனால் அந்த 11 பேரை நினைத்துப் பாருங்கள். ஏற்கெனவே தனக்கு எதுவும் உதவாது என்று நம்பிக்கொண்டிருக்கிறவர்கள், அந்த நோயே அப்படித்தான் பேசும். அவர்களிடம் போய் ஒரு மிஷின், உன் மூளைக்கு இது கேட்காது என்று கலர் படம் போட்டுச் சொன்னால் என்ன ஆகும்? என் தம்பியிடம் முதல் மாத்திரை கேட்காதபோது டாக்டர் அதைச் சொன்ன விதத்திலேயே ஒரு பக்குவம் இருந்தது. “இது உனக்குச் செட் ஆகலப்பா, மாத்திடலாம்” என்றார். பிரிண்ட் அவுட்டுக்கு அந்தப் பக்குவம் கிடையாது.

கனடாவில் மனச்சோர்வை ஆராய்கிற கேன்-பைண்ட் குழு 2020-இல் வெளியிட்டதைப் பற்றியும் கேட்க வேண்டும். 122 பேர், எஸ்சிடாலோபிராம் (தம்பிக்குக் கேட்காத அதே மாத்திரை என்பதால் கூடுதலாகக் கண் போனது). தொடங்கும் முன் எடுத்த ஈஈஜியை மட்டும் வைத்து 79 சதவீதம் சரி, இரண்டாம் வார ஈஈஜியையும் சேர்த்தால் 82. நல்ல வேலைதான். ஆனால் முதல் இரண்டு வாரத்தில் கொஞ்சம்கூட அசைவு தெரியாவிட்டால் அந்த மருந்து பின்னால் கேட்பது கஷ்டம் என்று மனநல டாக்டர்களுக்கு ஏற்கெனவே தெரியும், அதற்கு மிஷின் எதற்கு? இரண்டாவது வாரம் ஒரு போன் போட்டு, தூங்குகிறானா, சாப்பிடுகிறானா, யாரிடமாவது பேசினானா என்று அம்மாவிடம் கேட்டால் எவ்வளவு தெரியுமோ, அதைவிட உங்கள் மாடல் எவ்வளவு கூடுதலாகச் சொல்கிறது? அந்த வித்தியாசத்தைப் போடுங்கள். ஐந்நூறு ரூபாய்ப் பொருளை விற்கிறவர்கூட பக்கத்துக் கடைப் பொருளோடு ஒப்பிட்டுக் காட்டுகிறார், நீங்கள் ஏன் நாணயத்தைச் சுண்டிவிடுவதோடு மட்டும் ஒப்பிடுகிறீர்கள்?

இனி என் அறைக்கு வருகிறேன், இதை எந்தக் கட்டுரையிலும் நான் பார்க்கவில்லை.

ஈஈஜிக்கு வருகிறவர்களிடம் முந்தின நாளே சொல்லிவிடுவோம், ஷாம்பு போட்டுத் தலைக்குக் குளித்துவிட்டு வாங்க, எண்ணெய் வைக்காதீங்க. வருவார்கள், குளித்துவிட்டு, எண்ணெய் வைத்துக்கொண்டு. “லேசாத்தான் சிஸ்டர், வறட்சியா இருந்துச்சு.” தேங்காய் எண்ணெய்க்கு மேலே ஒட்டினால் பேஸ்ட் வழுக்கும், தோலில் படாது. அரைமணி நேரம் ஸ்பிரிட் பஞ்சால் ஒவ்வொரு புள்ளியாகத் துடைத்து, வகிடு பிரித்து, தோலைச் சுரண்டுகிற ஜெல்லைத் தேய்த்து, மின்தடையை 5 கிலோ ஓமுக்குக் கீழே கொண்டுவருவதற்குள் என் முதுகு போய்விடும். இடுப்புவரை முடி இருக்கிற பெண்களிடம் மூக்குத்தண்டிலிருந்து பின்மண்டை மேடுவரை டேப் வைத்து அளப்பதே ஒரு கலை. இது எங்கள் ஊர்ப் பிரச்சினை மட்டும் இல்லை. கருப்பின மக்களின் சுருள்முடிக்கும் பின்னலுக்கும் வழக்கமான மின்முனைகள் சரியாகப் படுவதில்லை என்று பிட்ஸ்பர்க்கில் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் பின்னலுக்கு நடுவே பொருந்துகிற மாதிரியே தனியாக வடிவமைத்தார்கள். அதற்கு முன்னால் அந்தத் தலைகளெல்லாம் எத்தனை ஆய்வில் ‘பதிவு சரியில்லை’ என்று ஓரமாகப் போயிருக்கும்?

எண்ணெயையாவது துடைத்துவிடலாம். தூக்கத்தை என்ன செய்வது? எங்களிடம் பாதிப் பேர் கிராமத்திலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்து வருகிறவர்கள். விடியற்காலை 3 மணிக்கு எழுந்து, டோக்கன் வாங்கி, ஒன்பதரைக்கு ஏசி அறையில் சாய்வு நாற்காலியில் கண்ணை மூடச் சொன்னால் இரண்டாவது நிமிடமே கண்ணை மூடி விழித்திருக்கும்போது தலையின் பின்பக்கத்தில் வருகிற ஆல்ஃபா அலை கலைந்துபோகும், தூக்கம் சொக்கும்போது வருகிற மெதுவான தீட்டா அலை தலைகாட்டும். நான் மேஜையைத் தட்டி, “அண்ணே, தூங்காதீங்க” என்பேன், ஆல்ஃபா திரும்பி வரும், ஒரு நிமிடம் கழித்து மறுபடியும் போகும். உங்கள் மாடல்களில் பலவும் பிடித்துத் தொங்குவது இந்த ஆல்ஃபாவையும் தீட்டாவையும்தான். அது எதை அளக்கிறது, அவருடைய மனச்சோர்வையா, முதல் பஸ்ஸையா?

இன்னொன்று, எம்பார்க்கில் வந்தவர்கள் மனச்சோர்வு மருந்து எதுவும் உடம்பில் இல்லாமல் வந்தவர்கள். எங்களிடம் அப்படி ஒருவரைக் காட்டினால் நான் மாலை போடுகிறேன். முதலில் உள்ளூர் டாக்டர், அவர் தூக்கத்துக்கு க்ளோனசெபாம் எழுதியிருப்பார், நோயாளி அதே பழைய சீட்டைக் காட்டி மெடிக்கலில் ஆறு மாதமாக வாங்கிச் சாப்பிட்டுக்கொண்டிருப்பார், கேட்டால் “மாத்திரை ஒண்ணும் எடுக்கல சிஸ்டர், தூக்க மாத்திரை மட்டும்தான்.” அந்த வகை மாத்திரை போட்டிருந்தால் அலையில் வேகமான பீட்டா ஏறி நிற்கும், திரையைப் பார்த்த உடனே நான் சொல்லிவிடுவேன். உங்கள் மாடல் என்ன சொல்லும்? அப்புறம் மே மாதம் ஏசி நின்றால் வியர்வையில் கோடு முழுக்க அலைபாயும். உங்கள் ஊர்க் கரண்ட் 60 ஹெர்ட்ஸ், எங்களுடையது 50. அறுபதை வெட்டுகிற ஃபில்டரோடு வந்தால் எங்கள் இரைச்சல் எல்லாம் ராஜமரியாதையோடு உள்ளே போகும்.

இவ்வளவையும் இப்போது எழுதக் காரணம், போன மாதம் எங்கள் ஆஸ்பத்திரிக்கு ஒருவர் வந்தார். கம்பெனிப் பெயர் வேண்டாம். தலையில் மாட்டுகிற பட்டை, ஒரு டேப்லெட், அதில் மூளைப் படம் சிவப்பும் நீலமுமாக. ஐந்து நிமிடத்தில் எந்த மனச்சோர்வு மாத்திரை பொருந்தும் என்று வரிசைப்படுத்திக் கொடுக்குமாம். ஆள் தூங்கிவிட்டால் என்ன செய்யும் என்று கேட்டேன். “ஏஐ பார்த்துக்கும் மேடம்.” எண்ணெய் இருந்தால்? “அதையும் பார்த்துக்கும்.” எத்தனை பேரிடம் முன்கூட்டியே கணித்து எழுதிவைத்து, அப்புறம் மருந்து கொடுத்துச் சரிபார்த்தீர்கள் என்றேன். ப்ரோஷரைக் கையில் கொடுத்தார். பளபளப்பான காகிதம், பதில் அதில் இல்லை.

உங்களில் பலர் இந்த ஆளைப் பார்த்தால் கோபப்படுவீர்கள் என்று தெரியும். ஆனால் இவர் பையில் இருப்பது உங்கள் கட்டுரைகளின் தலைப்புகள். 2024 ஜனவரியில் சயின்ஸ் இதழில் ஆடம் செக்ரவுடும் மற்றவர்களும் ஒன்று எழுதினார்களே, ஐந்து மருந்துச் சோதனைகளை எடுத்து, ஒன்றில் கற்ற மாடல் அதே சோதனைக்குள் நன்றாகச் சொல்கிறது, அடுத்த சோதனைக்குக் கொண்டுபோனால் குருட்டாம்போக்கில் சொல்வதற்குச் சமம் என்று. அது மனச்சிதைவு நோய்க்கான மருந்துகள், மூளை அலையும் அதில் கிடையாது. இருந்தாலும் அதைப் படித்தபோது என் அறைதான் கண்முன்னே வந்தது.

சரியான வழி என்னவென்று உங்களுக்கே தெரியும், சிலர் அதில் இறங்கியும் இருக்கிறீர்கள். எட்கின் ஆரம்பித்த ஆல்டோ நியூரோசயன்ஸ் கம்பெனி, மருந்து யாருக்குக் கேட்கும் என்று காட்டக்கூடிய ஓர் அடையாளத்தை முதலில் வைத்து ஆட்களைத் தேர்ந்தெடுத்து, அப்புறம் மருந்தும் மாவு மாத்திரையும் கொடுத்துப் பார்த்தது. 2024 அக்டோபரில் அதன் முதல் பெரிய சோதனை தோற்றது, மாவு மாத்திரையைவிட மேலாக வரவில்லை. அதில் ஆட்களைத் தேர்ந்தது ஞாபகத்திறன் சோதனையை வைத்து, ஈஈஜி வைத்துத் தேர்கிற சோதனை வேறு. தோற்றதற்காகப் பங்கு விலை சரிந்தது, பத்திரிகைகள் எழுதின. எனக்கோ அந்தத் தோல்விமேல்தான் நம்பிக்கை வந்தது. முன்னாலேயே சொல்லிவிட்டுச் செய்தார்கள், வரவில்லை, வரவில்லை என்று சொன்னார்கள். ஈஈஜிக்கும் இதையே செய்யுங்கள். பாதிப் பேருக்கு மாடல் சொன்ன மாத்திரை, பாதிப் பேருக்கு டாக்டர் வழக்கம்போல எழுதுகிற மாத்திரை, எட்டு வாரம் கழித்து யார் அதிகம் தேறினார்கள் என்று பாருங்கள். அது வரும்வரை என் அறைக்குப் பட்டையை அனுப்பாதீர்கள்.

மாடலுக்கு மூன்றாவது பதில் ஒன்றையும் கற்றுக்கொடுங்கள். கேட்கும், கேட்காது, அப்புறம் ‘இந்தப் பதிவை வைத்துச் சொல்ல முடியாது’. நான் தினமும் அதைத்தான் செய்கிறேன். பதிவு மோசமாக இருந்தால் ரிப்போர்ட்டில் எழுதி, இன்னொரு நாள் வரச் சொல்வேன், திட்டு வாங்குவேன்.

எங்கள் நாட்டில் இதற்கு அவசரம் அதிகம் என்பதையும் மறந்துவிடாதீர்கள். பெங்களூரு மனநல நிறுவனமான நிம்ஹான்ஸ் நடத்திய 2015-16 தேசிய மனநலக் கணக்கெடுப்பில், மனச்சோர்வு உள்ளவர்களில் சுமார் 85 சதவீதம் பேருக்குச் சிகிச்சையே கிடைக்கவில்லை என்று வந்தது. மாத்திரை வரையாவது வந்து சேர்கிறவர்கள் மீதி கொஞ்சம் பேர். அமெரிக்காவில் நடந்த ஸ்டார்-டி என்ற பெரிய மனச்சோர்வுச் சிகிச்சை ஆய்விலேயே முதல் மாத்திரையில் முழுசாகத் தேறியவர்கள் மூன்றில் ஒருவர் அளவுதான். அங்கே மற்றவர்கள் இரண்டாவது மாத்திரைக்குப் போவார்கள். இங்கே ஒரு நாள் கூலியை விட்டு, பஸ்ஸுக்குக் கொடுத்து, ஆறு வாரம் விழுங்கியும் ஒன்றும் ஆகவில்லை என்றால் அந்த ஆளை நாங்கள் மறுபடி பார்ப்பதே இல்லை. முதல் மாத்திரையே சரியாக அமைவது இவர்களுக்குத்தான் ரொம்ப முக்கியம், இவர்கள் தலைதான் உங்கள் தொகுப்பில் இல்லை.

தம்பிக்கு இரண்டாவது மாத்திரை கேட்டது. நாலாவது வாரம் ஒருநாள் காலையில், தோசை கருகியிருக்கிறது என்று அம்மாவிடம் சண்டை போட்டான். அம்மா சமையலறைக்குள் போய்ச் சந்தோஷத்தில் அழுதாள். அந்தப் பதின்மூன்று வாரத்தில் நாலு வாரத்தைக் குறைத்துக் கொடுத்தால்கூட உங்களைக் கும்பிடுவேன்.

அதனால் நேரிலேயே வாருங்கள். நோயாளியும் டாக்டரும் எத்திக்ஸ் கமிட்டியும் சம்மதித்தால் பதிவு எடுக்க நான் சொல்லித் தருகிறேன், ஒருவருடைய மூளை அலை யார் கம்ப்யூட்டரில் எத்தனை வருடம் இருக்கும் என்று அவருக்குப் புரிகிற தமிழில் எழுதிக்கொண்டு வாருங்கள், அது மட்டும் கண்டிஷன். காலை 9 மணிக்கு அறை திறக்கும். வெள்ளிக்கிழமையாகப் பார்த்து வாருங்கள், எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு வருகிற பெண்கள் அன்றைக்குத்தான் அதிகம்.